ஸ்பீக்கர் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

இன்னைக்கு ஒரு பழைய கிட்டார் ஆம்ப் பத்திப் பேசப் போறேன். அதோட ஸ்பீக்கர் எரிஞ்சுபோச்சு. அதைச் சரி பண்றேன்னு கிளம்பின நான், புதுசா இன்னொரு ஸ்பீக்கரையும் எரிச்சேன். அந்தத் தப்பை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இந்த எபிசோட்.

என் தாய்மாமாவுக்கு திருச்சுழி பக்கத்துல ஒரு கிராமம். 1980கள்ல இன்னிசைக் குழுவுல லீடு கிட்டார் வாசிச்சவர். அருப்புக்கோட்டை சுத்துவட்டாரம் முழுக்க கரிசக்காடு, மானாவாரி. மழை பெய்ஞ்சு வெள்ளாமை வீடு வந்தா பங்குனியில ஊருக்கு ஊர் பொங்கல், கச்சேரி. மழை பொய்ச்சா அந்த வருஷம் குழுவுக்கும் வேலை இல்ல. அப்படி ஒரு நல்ல வருஷத்துல மாமா வாங்கினது இந்த ஆம்ப். டிரான்சிஸ்டர் ஆம்ப், உள்ள ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். அப்புறம் பல வருஷம் பரண்ல கிடந்துச்சு.

போன பங்குனிக்கு முன்னாடி மாமா போன் பண்ணினார். "மாப்ள, பழைய ஆளுங்க நாலு பேர்தான் மிச்சம் இருக்கோம். ஊர்ப் பொங்கலுக்குச் சேர்ந்து வாசிக்கலாம்னு இருக்கோம். ஆம்ப் போட்டா டம்முனு ஒரு சத்தம், அப்புறம் மூச்சே இல்ல." பொங்கலுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு.

நான் சென்னையில வேலை பார்க்கிறேன். நேரா ரிச்சி ஸ்ட்ரீட் போய் 12 இன்ச், 8 ஓம், 60 வாட் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கினேன். ஊருக்குப் போய் மாட்டி சுவிட்சைப் போட்டேன். கோன் அப்படியே முன்னால தள்ளிக்கிட்டு வந்து நின்னுச்சு. பின்னால போகவே இல்ல. பத்து எண்றதுக்குள்ள கருகல் வாடை. பிளக்கைப் பிடுங்கினேன், ஆனா அதுக்குள்ள காயில் போச்சு. மாமா ஒரு வார்த்தை திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஸ்பீக்கர்ல மேக்னட்டுக்கு நடுவுல ஒரு இடுக்கு இருக்கும். அதுக்குள்ள மெல்லிசான கம்பி சுத்தின வாய்ஸ் காயில். அந்தக் காயில் கோனோட ஒட்டியிருக்கும். பாட்டோட சிக்னல் மாறி மாறி வர்ற ஏசி கரண்ட். அதனால கோன் முன்னாடி பின்னாடி ஆடும். ஆடும்போது காத்துப் பட்டு காயில் ஓரளவு ஆறும். டிசி வந்தா கோன் ஒரே பக்கம் தள்ளி நிக்கும், காயில் சூடாகிட்டே இருக்கும்.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஆம்ப் அவுட்புட்ல வச்சுப் பார்த்தா 35 வோல்ட் டிசி. அந்த இடத்துல சில மில்லிவோல்ட்தான் இருக்கணும். 8 ஓம் ஸ்பீக்கரோட காயிலை மீட்டர்ல அளந்தா சுமார் 6 ஓம் காட்டும். கணக்குப் போடுங்க: 35-ஐ 35-ஆல பெருக்கி 6-ஆல வகுத்தா 200 வாட்டுக்கு மேல. 60 வாட் ஸ்பீக்கர்ல 200 வாட், அதுவும் முழுக்க வெறும் சூடா!

பியூஸ் போயிருக்கணுமேன்னு கேட்பீங்க. யாரோ எப்பவோ பியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பியைச் சுத்தி வச்சிருந்தாங்க. கச்சேரி நடுவுல நிக்கக் கூடாதுன்னு நம்ம ஊர் மைக்செட்ல காலங்காலமா நடக்கிற வேலைதான் அது.

அருப்புக்கோட்டையில மைக்செட் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஆம்பைக் கொடுத்தோம். அவுட்புட்ல இருக்கிற 2என்3055 டிரான்சிஸ்டர் ஒண்ணு ஷார்ட். பழைய மைக்செட் ஆம்ப்ளிபயரைப் பிரிச்சவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச, இரும்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கிற டிரான்சிஸ்டர். அதை மாத்தி, சரியான பியூஸ் போட்டுக் கொடுத்தார். டிசி இறங்கிடுச்சு.

அடுத்த கேள்வி, ஸ்பீக்கருக்கு என்ன பண்றது? மறுபடி புதுசு வாங்குறதா, பழசையே சரி பண்றதா? மாமாவுக்குப் பழைய சத்தம் வேணும். இதை வெறும் ஏக்கம்னு தள்ள முடியாது. கிட்டார் ஆம்ப்ல ஸ்பீக்கரும் வாத்தியத்துல ஒரு பாகம். ஹைஃபை ஸ்பீக்கர் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகப் பார்க்கும். கிட்டார் ஸ்பீக்கர் பொதுவா 5,000 ஹெர்ட்ஸ் தாண்டினா சட்டுனு இறங்கிடும். அதனாலதான் டிஸ்டார்ஷன் போட்டாலும் காதைக் கிழிக்காது. 1964ல தி கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்போட ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சுவிட்டு வாசிச்சார். அந்தக் கரகரப்புதான் 'யூ ரியலி காட் மீ' பாட்டுல கேக்குது. பேப்பர் மாறினா சத்தமும் மாறும்.

பழைய ஸ்பீக்கரை முதல்ல சோதிச்சோம். நீங்களும் செய்யலாம். கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா மெதுவா அழுத்துங்க. உரசுற சத்தம் கேட்டா காயில் இடுக்குல தட்டுது. மீட்டர்ல ரீடிங்கே வரலைன்னா எங்கயோ கம்பி அறுந்திருக்கு. சில நேரம் கோன்ல இருந்து டெர்மினலுக்கு வர்ற பின்னல் கம்பி மட்டும் விட்டிருக்கும். அதுக்கு ஈயம் வச்சாலே போதும். மாமாவோடதுல காயிலே கருகியிருந்துச்சு.

மதுரையில கோன் மாத்திக் கொடுக்கிறவர்கிட்ட கொண்டுபோனோம். பழைய கோனை அறுத்து எடுத்துட்டு, மேக்னட் இடுக்குல ஒட்டுற டேப்பை விட்டு இழுத்தார். டேப் முழுக்கக் கரிசல் தூசி. புதுக் காயிலை வச்சு, சுத்தி மெல்லிசான பிலிம் துண்டுகளைச் செருகி நடுவுல நிறுத்தினார். ஸ்பைடரையும் கோனையும் ஒட்டி ஒரு நாள் காய விட்டார். மறுநாள் துண்டுகளை உருவிட்டு நடு மூடியை ஒட்டினார்.

ஒண்ணு மட்டும் அவர் ஒளிக்காமச் சொன்னார். "மேக்னட்டும் பிரேமும் பழசு, கோன் புதுசு. அச்சு அசல் அதே சத்தம் வராது." மாமா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "என் விரலும் அப்ப இருந்த மாதிரி இல்லண்ணே, ஒட்டுங்க"ன்னார்.

பொங்கல் அன்னைக்கு ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தணும், அது 2000ல வந்த ஒலி மாசு விதி. மாமா காலத்துல விடிய விடிய வாசிச்ச இடம். இப்ப ஒன்பது மணிக்கு மேடை ஏறி, ஆறு பாட்டு. புதுக் கோன் இளகணும்னு வால்யூமைப் பாதிக்கு மேல வைக்கல. முதல் பாட்டுல சத்தம் கொஞ்சம் விறைப்பாத்தான் இருந்துச்சு. நான் அவுட்புட் பக்கமே உக்காந்து வாடை வருதான்னு மோந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். வரல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆம்ப் இருந்தா, ஸ்பீக்கர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவுட்புட்ல டிசி பாருங்க, பியூஸைப் பாருங்க. ஓம் அளவு, ஆம்ப்ல போட்டிருக்கிறதுக்குக் கீழ போகக் கூடாது. வால்வு ஆம்பா இருந்தா ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணாதீங்க, நீங்களாப் பிரிக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் வரைக்கும் நிக்கலாம். தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.