தரம் 4 இந்தத் தவணையில் என்ன படிக்கப்போகிறது?

(தோட்டக் கமிட்டியும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில், பாடசாலை ஆசிரியர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோட்டத் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, மலையிலிருந்து இறங்கி முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, தோழர்களே!

சங்கக் கூட்டத்தில் சம்பளம் பேசுவோம், வீடு பேசுவோம், காணி பேசுவோம். பள்ளிக்கூடப் பாடத்தைப் பேசுவது வழக்கமில்லை. அதை வாத்தியார்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தத் தவணையில் தரம் 4 பிள்ளைகள் படிக்கப்போவதைக் கொஞ்சம் கேளுங்கள். அந்தப் பாடங்கள் உங்கள் கொழுந்துத் தராசுக்கும் சம்பளத் துண்டுக்கும் வந்து சேருகின்றன.

முதலில் கணக்கு. முதல் மூன்று கிழமையும் பெருக்கல் வாய்ப்பாடு. அடுத்தது பெரிய எண்களைக் கூட்டுவது, கடன் வாங்கிக் கழிப்பது. அதற்குப் பிறகு வகுத்தல். கடைசியாக நிறுத்தல், அளத்தல். 1,000 கிராம் சேர்ந்தது 1 கிலோ என்பதைப் புத்தகத்தில் காட்டுவதோடு நாங்கள் விடமாட்டோம். அரிசி, பருப்பு, சீனி என்று வகுப்பறையில் வைத்துப் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

அதன் பிறகு இப்படி ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தாய் காலையில் 6 கிலோ 500 கிராம், பகலில் 7 கிலோ 250 கிராம், பின்னேரம் 5 கிலோ 750 கிராம் கொழுந்து நிறுத்தார். மொத்தம் எவ்வளவு? 19 கிலோ 500 கிராம். படங்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழித்தால் மீதி எவ்வளவு? 16 கிலோ 500 கிராம். ஒரு நாளைக்குக் கழிந்தது 3 கிலோ. மாதத்தில் 25 நாள் வேலை என்றால்? 75 கிலோ. கழிவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

ஊழியர் சேமலாப நிதியையும் இந்தப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கலாம். நூற்றுவீதம் மேல்வகுப்புப் பாடம். ஆனாலும் நூறு ரூபாவை வைத்துச் சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும். சம்பளம் 100 ரூபா என்றால் உங்களிடம் பிடிப்பது 8 ரூபா. தோட்ட நிர்வாகம் தன் பங்காகப் போடவேண்டியது 12 ரூபா. ஆக 20 ரூபா சேமலாப நிதிக்குப் போகவேண்டும். அதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 ரூபா கட்டவேண்டும். அதை உங்களிடம் பிடிக்கக்கூடாது. எட்டும் பன்னிரண்டும் இருபது, இருபதும் மூன்றும் இருபத்துமூன்று. தரம் 2 பிள்ளையும் கூட்டக்கூடிய கணக்கு. அது எந்தக் காசின் கணக்கு என்பதைத்தான் நாங்கள் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அடுத்தது தமிழ். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்புவிப்பது வாசிப்பு ஆகாது. முன்பின் பார்க்காத ஒரு பந்தியைக் கொடுத்தால் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொந்தச் சொல்லில் சொல்லவேண்டும். தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடிதம் எழுதி, கடித உறையில் முகவரியும் எழுதவேண்டும். நம் லயக் காம்பராக்கள் பலவற்றுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்துதான் நம் கைக்கு வருகிறது. முகவரி எழுதப் படிக்கும் பிள்ளை, “எங்கள் வீட்டுக்கு ஏன் இலக்கம் இல்லை?” என்று கேட்கும். கேட்கட்டும்! பதில் சொல்லவேண்டியவர்களிடம் நாமும் சேர்ந்து கேட்போம்.

சிங்களத்தில் பேச்சுப் பயிற்சிதான் கூட. பஸ்ஸில் இடம் கேட்க, கடையில் விலை கேட்க, ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்லப் பழகுவார்கள்.

சுற்றாடல் பாடத்தில் தோட்டத்தின் படத்தை வரைவார்கள். லயம், பீலி, ஆறு, ஸ்டோர், கோயில், பிள்ளைக் காம்பரா எல்லாம் அதில் இருக்கும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பதைப் படிப்பார்கள். அந்தக் காடு மேடெல்லாம் தேயிலையாவதற்கு உழைத்தவர்கள் யார் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்வோம். தாத்தாமாரும் அம்மாயிமாரும் தெரிந்ததைச் சொல்லுங்கள். அதைக் கொப்பியில் எழுதுவார்கள்.

இனி, இந்தப் பாடங்களுக்கு இருக்கும் ஆபத்தைச் சொல்லவேண்டும். இவை ஒரு சங்கிலி. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராத பிள்ளை தரம் 5இல் தடுமாறும். வராத நாட்களின் பாடத்தை ஒரு பின்னேரத்தில் பிடித்துவிட முடியாது. கொழுந்து கூடும் மாதங்களில்தான் வகுப்பில் வரவு குறைகிறது. காரணம் சோம்பல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தாய் விடியப் போகிறார். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். பிள்ளைக் காம்பரா பிந்தித் திறந்தால், அல்லது கடைசி நிறுவைக்கு முன்னமே பூட்டினால், ஒன்பது வயது அக்காதான் வீட்டில் நிற்கிறாள். அன்றைய வகுத்தல் கணக்கு அவளுக்குப் போய்விட்டது.

ஆகவே பிள்ளைக் காம்பரா திறக்கும் நேரமும் பூட்டும் நேரமும் கல்விப் பிரச்சினைதான். தாய்மார் மலைக்குப் போகமுன் திறந்து, கடைசி நிறுவை முடியும்வரை வைத்திருக்கவேண்டும் என்று தோட்டக் கமிட்டி எழுத்தில் கேட்கவேண்டும். வாயால் கேட்டது மறந்துபோகும். கடிதத்தின் பிரதி நம் கையில் இருக்கட்டும்.

தோட்டப் பாடசாலைகள் சும்மா வந்தவை அல்ல. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். இடைப்பட்ட முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் கைநாட்டோடு நின்றார்கள் என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று 5 வயதிலிருந்து 16 வயதுவரை பாடசாலைக்குப் போவது சட்டப்படி கட்டாயம். 14 வயதுப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பக் கேட்டு வரும் தரகரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது மூன்று. பிள்ளையை ஒவ்வொரு நாளும் அனுப்புங்கள். இரவில் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, திக்குகிறதா, ஓடுகிறதா என்று காதுக்குத் தெரியும். மூன்றாவது, ஒரு சின்னக் கொப்பியில் உங்கள் மூன்று நிறுவையையும் பிள்ளையின் கையால் தினமும் எழுதவையுங்கள்.

எங்களிடமும் நீங்கள் கேட்கவேண்டும். வகுப்பில் ஆசிரியர் இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். கொப்பி திருத்தாமல் கிடந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். கோபிக்கமாட்டோம்.

தவணை முடியும் மாதத்துச் சம்பளத் துண்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பேர் எத்தனை, கிலோ எத்தனை, பிடித்த காசு எவ்வளவு என்று வாசிக்கட்டும். பிறகு தன் கொப்பியை எடுத்து இரண்டையும் ஒப்பிடட்டும். சரியாக இருந்தால் சந்தோஷம். சரியில்லாவிட்டால் அந்தக் கொப்பியோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.