நாணலும் களிமண்ணும்



மெசபடோமிய நாகரிகம் எந்த ஆறுகளின் கரையில் தோன்றியது? ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், "யூப்ரடீஸ், டைகிரிஸ்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடும். ஒரு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அங்கே மக்கள் எதைக் கொண்டு வீடு கட்டினார்கள், என்ன செய்து பிழைத்தார்கள் என்று கேட்டால்தான் வகுப்பு திகைத்துப்போகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சிந்துவெளி ஆறாம் வகுப்பிலேயே வருகிறது. எகிப்தும் மெசபடோமியாவும் சீனாவும் விரிவாக வருவது ஒன்பதாம் வகுப்பில்தான். உலகத்தைப் பற்றிக் கேட்டுத் துளைக்கிற வயது இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

சென்னைப் பள்ளிக்கரணைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தின் ஊடாகவே போகிறது. தண்ணீர், சம்புப் புல், அதன் நடுவே தாழைக்கோழிகள் என எல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பவை. மெசபடோமியாவில் சுமேரியர்களின் எரிது, ஊர், உருக் ஆகிய நகரங்களும் இப்படியொரு சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் வளர்ந்தன. நாணலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வில்லாக வளைத்து வீடு கட்டினார்கள். உருக்கில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்தொட்டி ஒன்றில் அத்தகைய நாணல் குடிலும் அதைச் சுற்றி ஆடுகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தென் இராக்கில் இன்றும் நாணலில் வீடு கட்டுகிறார்கள்.

எழுத்தும் அங்கே நாணலிலும் களிமண்ணிலும்தான் பிறந்தது. இதைப் படம் போட்டு விளக்குவதைவிடச் செய்து பார்ப்பதே மேல். பிள்ளையார் பிடிக்கிற களிமண்ணில் ஒரு கைப்பிடி, முனையைச் சதுரமாக நறுக்கிய ஒரு குச்சி, இவை போதும். குச்சியை இழுத்துக் கோடு போட்டால் மண் பிசிறுகிறது. முனையைச் சாய்த்து அழுத்தினால் ஆப்பு வடிவம் சுத்தமாகப் பதிகிறது. கியூனிபார்ம் என்னும் அந்த ஆப்பு வடிவ எழுத்தில் வளைவுகள் ஏன் இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கே விளங்கிவிடும். உருக்கில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை வாற்கோதுமை, ஆடுமாடு, கூலி பற்றிய கணக்குகள். சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் நிப்பூர் நகரத்து மாணவர்கள், ஆசிரியர் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்து எழுதிப் பழகிய பலகைகளும் கிடைத்திருக்கின்றன, நம் காப்பி நோட்டுப் போல.

வலிக்கிற பாடமும் இதில் உண்டு. 1990களில் சதாம் ஹுசைன் அரசு கால்வாய் வெட்டி, கரை எழுப்பி, தென் இராக்கின் அந்தச் சதுப்பு நிலங்களை வற்றவைத்தது. 2003-க்குப் பிறகு மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திருப்பினார்கள். 2016-இல் அந்தச் சதுப்பு நிலங்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாயின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். குப்பையும் கட்டடங்களும் தின்றது போக, 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பெற்றோர் சொல்லிக் கேட்ட பிள்ளைகள் இந்த ஒப்பீட்டைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

"போர்ஷன் முடிக்கவே நேரம் பத்தவில்லை" என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் களிமண் பாடத்துக்கு ஒரே ஒரு பீரியட் போதும். கையால் செய்த பிள்ளைக்கு ஆறுகளின் பெயரைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்தவற்றைப் போன்றே இரு பக்கமும் செதுக்கிய கல் அது. இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சேகரித்த கற்கருவிகளை 1904-இல் இந்த அருங்காட்சியகம்தான் வாங்கியது. பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.