திரை வந்தாச்சு... வாத்தியாருக்கு நேரம் எப்ப வரும்?

நாமக்கல்லில் பெற்றோர்கள், ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்:

ஆசிரியப் பெருமக்களே, தறியை நிறுத்திட்டு, பண்ணை வேலையை விட்டுட்டு வந்திருக்கிற தாய்மார்களே, தந்தைமார்களே, தோழர்களே...

இன்னைக்கு நான் ஓட்டு பத்திப் பேச வரலீங்க. நம்ம புள்ளைங்க உட்கார்ந்திருக்கிற வகுப்பறையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

இப்ப அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்க. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் தமிழ்நாடு முழுக்க 22,931 திறன்மிகு வகுப்பறைகள்னு அரசு கணக்குச் சொல்லுது. ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2018-ல் வந்த புதுப் பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கின கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் வந்த மணற்கேணி செயலி. இதுல எதை எந்த ஆட்சி கொண்டு வந்துச்சுங்கிற சண்டையை இந்த மேடையில் போட வேண்டாம். நல்லதை யார் செஞ்சாலும் நல்லதுன்னு சொல்லுவோம். வந்தவரைக்கும் சந்தோஷம்.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. திரை சுவத்துல ஏறிடுச்சு. அந்தத் திரையை வெச்சு நாளைக்கு என்ன பாடம், எப்படி நடத்துறதுன்னு யோசிக்க வாத்தியாருக்கு நேரம் கொடுத்தோமா? பயிற்சி கொடுத்தோமா? இன்னைக்கு என் பேச்சு மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் எல்லாருக்கும் தெரியும். 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச படக் கம்பெனி. நூத்துக்கு மேல படம் எடுத்தாங்க. தமிழில் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்துச்சு. கேமரா காசு இருக்கிற யாருக்கும் கிடைக்கும். ஆனா கதை, வசனம், எந்தக் காட்சி எவ்வளவு நேரம், எங்கே வெட்டணும்... இதையெல்லாம் முன்னாடியே உட்கார்ந்து முடிவு பண்ணினதாலதான் சேலத்திலிருந்து இத்தனை படம் வந்துச்சு. பாடம் நடத்துறதும் அப்படித்தானுங்க. ஸ்மார்ட் போர்டு கேமரா மாதிரி. ஆசிரியரோட தயாரிப்புதான் கதை வசனம். கேமராவை மட்டும் வாங்கிக் கொடுத்துட்டு 'படம் எங்கே?'ன்னு கேட்டா எப்படி?

இது புதுசா வந்த பிரச்சினையும் இல்லை. 1975 ஆகஸ்டில் இருந்து ஒரு வருஷம், ஏடிஎஸ்-6 என்கிற செயற்கைக்கோள் வழியா, இந்தியாவில் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினாங்க. 'சைட்' திட்டம்னு பேரு. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அதுல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் பாடம் எப்படி நடத்துறதுன்னு பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தாங்க. டிவி மட்டும் இல்லை. வானொலி, அச்சடிச்ச கையேடு, கையால செஞ்சு பார்க்கிற சோதனை, பக்கத்துலேயே வழிகாட்ட ஒரு ஆள்... எல்லாம் சேர்ந்து. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம நாட்டுல ஒரு விஷயம் புரிஞ்சிருக்கு. குழந்தைக்குத் திரை காட்டுறதுக்கு முன்னாடி, ஆசிரியரைத் தயார் பண்ணணும்.

இதை மறந்த நாடு என்ன ஆச்சுன்னும் சொல்றேன். தென் அமெரிக்காவில் பெரு நாடு. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி'ன்னு லட்சக்கணக்குல கொடுத்தாங்க. 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செஞ்சு 2012-ல் முடிவு வெளியிட்டாங்க. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படலை. பொருள் வீட்டுக்கு வந்துச்சு, பாடம் வகுப்புக்கு வரலை.

நம்ம மாநிலத்திலும் 2011 செப்டம்பரில் இருந்து விலையில்லா மடிக்கணினி கொடுத்தோம். 50 லட்சத்துக்கும் மேல. ஏழை வீட்டுக்குள்ள முதன்முதலா கம்ப்யூட்டர் நுழைஞ்சது அப்பத்தான். அதை யாரும் குறைச்சுப் பேச வேண்டாம். ஆனா அந்த மடிக்கணினியை வெச்சு பிளஸ் டூ இயற்பியலை எப்படி நடத்துறதுன்னு ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்த அளவு போதுமா? போதாதுங்கிறது என் கருத்து.

சரி, திரை இல்லாம என்ன நடந்துச்சுன்னும் பார்ப்போம். கொரோனா காலம். 2020 மார்ச்சில் பள்ளி மூடினது, சின்னக் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1-ல் தான் திறந்துச்சு. அந்த ஒன்றரை வருஷம் டிவியில் பாடம் ஓடுச்சு, வாட்ஸ்அப்பில் பாடம் வந்துச்சு. வீட்டுல இருக்கிற ஒரே போனை அப்பா லாரியில் எடுத்துட்டுப் போயிட்டா அந்தப் பிள்ளைக்குப் பாடம் கிடையாது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இது எத்தனை வீட்டுக் கதைன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்துச்சு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள். பெரும்பாலும் நம்ம தெருப் பெண்கள். சாயந்திரம் திண்ணையில், கோயில் வாசலில் உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள்ள, இழந்த படிப்பில் மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு இந்தத் திண்ணைப் பாடத்தால். பள்ளியும் மனுஷங்களும்தான் மீட்டாங்க. திரை வேண்டாம்னு நான் சொல்லலை. திரைக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்னு சொல்றேன்.

திரைக்குப் பக்கத்துல நிக்கிற ஆள் என்ன செய்யணும்? நாமக்கல் பாஷையிலேயே சொல்றேன். முட்டை.

கரு எப்படி வளருதுன்னு அருமையான அனிமேஷன் படம் இருக்கு. அஞ்சு நிமிஷம் ஓடும். புள்ளைங்க வாயைப் பொளந்து பார்ப்பாங்க. மணி அடிக்கும், வீட்டுக்குப் போயிடுவாங்க. நாலு நாளில் மறந்துடும்.

இன்னொரு வகுப்பு. ஆசிரியர் முதல் நாளே அந்தப் படத்தைப் பார்த்திருக்கார். எங்கே நிறுத்தணும்னு குறிச்சு வெச்சிருக்கார். ரெண்டாவது நிமிஷத்தில் நிறுத்துறார். ஒரு கேள்வி கேட்கிறார்: "நமக்குச் சத்துணவில் முட்டை போடுறாங்களே, அதைக் கோழிக்கு அடியில் வெச்சா 21 நாளில் குஞ்சு பொரிக்குமா?" வகுப்பே ரெண்டாப் பிரியும். பண்ணையில் வேலை பார்க்கிறவங்க வீட்டுப் பொண்ணு எழுந்து சொல்லும்: "பொரிக்காதுங்க சார், கூண்டுல சேவலே இல்லையே." அவ்வளவுதான். கருவுறுதல்னா என்னங்கிற பாடம் அந்தப் பிள்ளையோட வாயிலிருந்தே வந்துடுச்சு. அதுக்கப்புறம் மீதிப் படத்தை ஓட விட்டா, ஒவ்வொரு காட்சியும் மண்டைக்குள்ள நிக்கும்.

ரெண்டு வகுப்பிலும் படம் ஒண்ணுதான். வித்தியாசம் அந்த ஆசிரியர் முதல் நாள் செலவழிச்ச அரை மணி நேரம். பல்லூடகக் கற்றலை ஆராய்ஞ்ச ரிச்சர்ட் மேயர் என்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் இதையே சொல்றார். படத்தை ஒரே மூச்சில் ஓட்டாம, துண்டு துண்டா நிறுத்தி, கத்துக்கிறவங்க வேகத்துக்குக் கொடுத்தா நல்லாப் புரியுது. தேவையில்லாத இசை, அலங்காரம் சேர்த்தா புரியறது குறையுது.

அந்த அரை மணி நேரம் நம்ம ஆசிரியருக்கு எங்கே இருக்கு? எமிஸ்ல வருகைப் பதிவு, இலவசப் பொருள் பதிவு, அந்தப் படிவம், இந்தப் படிவம். ஈராசிரியர் பள்ளின்னா ஒருத்தர் பயிற்சிக்குப் போனா இன்னொருத்தர் அஞ்சு வகுப்பையும் பார்க்கணும். இதுக்கு நடுவுல 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிற, டெட் எழுதாத ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறணும். 150 கேள்வி, நாலு விடையில் ஒண்ணு. ஆசிரியர் என்ன படிச்சிருக்கார்னு அந்தத் தேர்வு சொல்லும். முட்டைக் கேள்வியை எந்த இடத்தில் கேட்பார்னு அது சொல்லாது. அதைக் கத்துக்கொடுக்க வேண்டிய இடம் பயிற்சி நிறுவனம்.

நம்ம பகுதிக்கு அந்த நிறுவனங்கள் இருக்கு. சேலத்துக்கு உத்தமசோழபுரத்தில், நாமக்கல் மாவட்டத்துக்குத் தனியா ஒண்ணு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986 தேசியக் கல்விக் கொள்கை வழியா நாடு முழுக்க வந்த அமைப்பு. அதுதான் ஆசிரியருக்குப் பட்டறை. லாரிக்குப் பாடி கட்டுற நாமக்கல்காரங்களுக்குப் பட்டறைன்னா என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்த்துப் பழகணும், செஞ்சு பழகணும், தப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு மேஸ்திரி வேணும். ஆன்லைனில் வீடியோ ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விக்குப் பதில் தட்டிச் சான்றிதழ் வாங்குறது பட்டறை ஆகாதுங்க.

இன்னொரு ஆபத்தும் நம்ம மண்ணுக்கே தெரியும். ஒரு காலத்துல ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடுன்னா தமிழ்நாடே பெட்டி கட்டிக்கிட்டுப் புள்ளைங்களைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்துச்சு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாம ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடமே ஓட்டுற பழக்கம் எத்தனையோ பள்ளிகளில் இருந்துச்சு. 2017-ல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்துச்சு. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. அந்த மனப்பாட மிஷின் நின்னுச்சா? நீட் வந்ததும் மிஷின் செல்போனுக்குள்ள போயிடுச்சு. செயலி, மாதிரித் தேர்வு, மறுபடியும் மாதிரித் தேர்வு. இப்போ செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் நூறு கேள்வி தயார் பண்ணித் தருது. புதுத் திரையில் பழைய மனப்பாடம் ஓடுச்சுன்னா அதுக்குப் பேர் மாற்றம் இல்லீங்க.

அதனால நம்ம கோரிக்கைகளை நேரடியா வைக்கிறோம்:

1. ஒவ்வொரு ஆசிரியருக்கும் கால அட்டவணையிலேயே பாடத் தயாரிப்புக்கு நேரம் வேணும். அந்த நேரத்தில் எமிஸ் பதிவு உட்பட வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

2. உத்தமசோழபுரம், நாமக்கல் பயிற்சி நிறுவனங்களில் காலியிடம் இருந்தா உடனே நிரப்பணும். பி.எட். படிப்பை 2015-ல் இரண்டு வருஷம் ஆக்கினாங்க. அந்தக் கூடுதல் வருஷத்தில் திரையோடு பாடம் நடத்தவும், கரண்ட் போனா திரையே இல்லாம அதே பாடத்தை நடத்தவும் பழக்கணும்.

3. ஒன்றியத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் ஆள். ஸ்மார்ட் போர்டு நின்னுபோனா ஒரு வாரத்துக்குள் சரியாகணும். இணையக் கட்டணத்தைத் தலைமையாசிரியர் கைக்காசில் கட்ட விடக் கூடாது. கொல்லிமலையில் சிக்னல் கிடைக்காத பள்ளிக்குப் பாடப் படங்களைப் பதிவிறக்கியே கொடுக்கணும்.

4. நம்ம ஆசிரியர்கள் நம்ம மண்ணை வெச்சுப் பாடப் படம் எடுக்க வசதி வேணும். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல், இளம்பிள்ளைத் தறி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி ஆலை... வேதியியலும் கணக்கும் அதிலேயே இருக்கு.

5. 2012-ல் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. கணினி சொல்லிக்கொடுக்கிறவங்களும் அதில் இருக்காங்க. அவங்களுக்குப் பணிப் பாதுகாப்பு வேணும்.

6. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடலைங்கிற காரணத்துக்காக, 2024-25-க்கு நமக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வெச்சுச்சு. ஆசிரியர் பயிற்சிக்கும் அந்தத் தலைப்பில்தான் காசு வருது. கொள்கையில் வேறுபாடு இருக்கலாம். அதுக்குக் குழந்தையோட பங்கைப் பிடிச்சு வைக்கிறது நியாயம் இல்லை.

தோழர்களே, கோரிக்கை வெச்சுட்டுக் கைகட்டி உட்கார வேண்டாம். உங்க ஊர்ப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த இடம் அது. அடுத்த கூட்டத்துக்குப் போங்க. சத்தம் போடாம மூணு கேள்வி கேளுங்க: போன மாசம் ஸ்மார்ட் போர்டு எத்தனை நாள் ஓடுச்சு? எங்க ஆசிரியருக்குப் பாடம் தயார் பண்ண வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்குது? கடைசியா நடந்த பயிற்சியில் கத்துக்கிட்டது வகுப்பில் பயன்பட்டுச்சா?

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்குங்க. அந்தக் கேள்வி ஆசிரியரைக் குத்தம் சொல்றதுக்கு இல்லை. அவர் பக்கம் நின்னு கேட்கிற கேள்வி. பதிலை எழுதி வாங்கி, தீர்மானமாப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்க. நகலை நம்ம கிளைக்குக் கொடுங்க. சேலம், நாமக்கல் ரெண்டு மாவட்டத்துப் பதிலையும் தொகுத்து அரசின் மேசைக்குக் கொண்டு போற வேலையை நாங்க பார்த்துக்கிறோம்.



#அரசுப்பள்ளி #ஆசிரியருக்குநேரம் #சேலம் #நாமக்கல்