வெளுத்ததெல்லாம் ஒரே கொக்கு அல்ல

(நம் குடியிருப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம் பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் நல்ல நல்ல படங்கள் போடுகிறீர்கள். கீழே ஒரே வார்த்தைதான்: கொக்கு. ஆனால் அந்த வெள்ளைக் கொக்குகளில் நான்கு வகை இருக்கின்றன.

சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். குழப்புவது மற்ற இரண்டுதான். வாய்க்கோடு கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. இவை இரண்டின் மஞ்சள் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கருப்பாகிவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். சின்னக் கொக்கு தண்ணீரில் மீன் பிடிக்கும். உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பின்னால் நடந்து வெட்டுக்கிளி தின்னும். குளம் கெட்டு மீன் குறைந்தாலும் கரையில் உண்ணிக்கொக்கு இருக்கும். எல்லாவற்றையும் 'கொக்கு 50' என்று எழுதினால், குளம் கெட்டது கணக்கில் தெரியாது.

கணக்குக்கு மதிப்பு உண்டுங்க. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலுக்கான அளவுகோல்களில் நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையும் ஒன்று.

படம் எடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெள்ளைப் பறவை வெயிலில் வெளுத்துப்போய் அலகுகூடத் தெரியாது. போனில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பக்கவாட்டில் தலை ஒரு படம். கால் தண்ணீருக்குள் இருந்தால், அது நடக்கும்வரையோ பறக்கும்வரையோ காத்திருந்து இன்னொரு படம். மங்கலாக வந்தாலும் அழிக்க வேண்டாம். பாதம் மஞ்சளாகத் தெரிந்தால் அதுவே சாட்சி.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவை விலகினால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் நின்று பார்த்து எழுதினாலே போதும். நம் மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். எந்தக் கொக்கு என்று சந்தேகமாக இருந்தால் 'கொக்கு, வகை தெரியவில்லை' என்று எழுதுங்கள். தப்பான பெயரைவிட அது மேல். வரும் பொங்கலுக்கு நம் குடியிருப்பிலிருந்தும் ஒரு பட்டியல் போகட்டுமுங்க.