லயத்திலும் டயலிசிஸ் செய்ய முடியும்
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் வகுப்புப் பிள்ளை ஒன்று வாரத்தில் மூன்று நாள் பாடசாலைக்கு வருவதில்லை. விசாரித்தேன். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. விடியற்காலை பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நான்கு மணித்தியாலம் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். துணைக்குப் போகும் அப்பாவுக்கு அன்றைய பேர் இல்லை. தம்பியைப் பார்க்கப் பிள்ளை வீட்டில் நிற்கிறது.

வீட்டிலேயே செய்யும் டயலிசிஸும் உண்டு. சிறிய ஒப்பரேஷன் செய்து வயிற்றில் மெல்லிய குழாய் வைப்பார்கள். அதன் வழியாகச் சுமார் 2 லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் கழித்து வெளியே எடுத்தால் கழிவும் சேர்ந்து வந்துவிடும். பொதுவாக நாளைக்கு 4 தடவை, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். கையால் மாற்றும் முறைக்கு மெஷின் தேவையில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இந்த அம்மாவுக்குப் பொருந்தும் என்ற வைத்தியர், "வீட்டில் சுத்தமான இடம் இருக்கா?" என்று கேட்டாராம். அம்மா தலை குனிந்துகொண்டார். ஒரே காம்பரா, விறகடுப்புப் புகை, பொதுப் பீலி. என்ன சொல்வார்?

வைத்தியர் கேட்டது நியாயம். குழாய் வழியே கிருமி போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பதில் சொல்ல வேண்டியது அந்த அம்மா அல்ல. லயத்தை இப்படி வைத்திருக்கும் நிர்வாகமும், பார்த்துக்கொண்டிருந்த நாமும்தான்.

இஸ்தோப்பை அடைத்து அறையாக்க அனுமதி கேட்டோம். முதலில் மறுத்தார்கள். மூன்றாம் முறை பேசியபோது சம்மதித்தார்கள். வாலிபர்கள் பலகை அடித்து, வெள்ளை பூசி, தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தார்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: நோயாளி வீட்டுக்குச் சுத்தமான அறையும் தண்ணீரும், திரவப் பெட்டிகளை ரோட்டிலிருந்து லயம்வரை கொண்டுவரத் தோட்ட லொறி, அவசரத்துக்கு இரவிலும் வாகனம். வெளிவரும் திரவம் கலங்கினால், வயிறு வலித்தால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அயல் வீட்டாரே, பை மாற்றும் நேரத்தில் அந்தப் பக்கம் கூட்டாதீர்கள், புகை போடாதீர்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

போன வாரம் அந்தப் பிள்ளை ஐந்து நாளும் பாடசாலைக்கு வந்தது. இடாப்பில் நானே அடையாளமிட்டேன்.