வாங்கிய பின் வரும் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். சிலம்பையும் குறளையும் கேட்டு மகிழ வந்த உங்கள் முன்னே புல்வெட்டும் இயந்திரத்தையும் ஸ்கூட்டரையும் கொண்டுவந்து நிறுத்துவது முறையோ என்று நாம் தயங்கியதுண்டு. ஆயினும் சென்ற திங்கள் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. காலனிக்குப் பொதுவாக ஒரு புல்வெட்டும் இயந்திரம் மீண்டும் வாங்கலாமா என்பதே அப்பேச்சு. 'மீண்டும்' என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கிருந்தோர் பலர் முகம் வாடியது. ஏன் வாடியது என்பதைப் பழையவர்கள் அறிவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அறியார்கள். அவர்கள் பொருட்டே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பிலாய் நகரில் இரும்பாலை அமைக்கச் சோவியத் நாட்டோடு உடன்படிக்கை ஏற்பட்டது 1955-இல். முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் தொடங்கிவைத்தது 1959 பிப்ரவரி 4 அன்று. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலமும் அமைந்தது. தமிழன் எங்கே போனாலும் நிலத்தைக் கண்டால் கை சும்மா இராது. கறிவேப்பிலையும் வாழையும் மல்லிகையும் வைத்தது போக, எஞ்சிய இடத்தை அருகம்புல் பிடித்துக்கொண்டது. ஆனி பிறந்து மழை இறங்கிவிட்டால் அந்தப் புல் முழங்கால் உயரம் வளரும். பாம்பும் பூச்சியும் அதில் குடியேறும். குழந்தைகளை வாசலில் விட அஞ்சும் நிலை வரும்.

இதற்காகத்தான் 2014-ஆம் ஆண்டில் நம் வரிசையைச் சேர்ந்த பதின்மூன்று வீட்டார் ஒன்றுகூடினோம். தலைக்கு 2,000 ரூபாய் போட்டோம். 26,000 ரூபாய்க்குப் பெட்ரோலில் ஓடும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அன்று அதற்குச் சந்தனப் பொட்டிட்டுப் படம் பிடித்துக்கொண்டோம். மறு ஆண்டு மழைக்காலத்தின் நடுவில் அதன் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகை இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல். யார் கையில் கெட்டது என்ற வழக்குத் தொடங்கியது. இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றது. ஒரு வீட்டுத் திருமணத்திற்கு மற்றொரு வீட்டார் போகவில்லை. இயந்திரமோ கொட்டகையில் துருவேறிக் கிடந்து, ஈற்றில் பழைய இரும்புக்குப் போயிற்று.

யார் மீது பிழை? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை எளிது. அன்று ஒருவரும் அந்தக் கணக்கைப் போடவில்லை, நாமும் போடவில்லை.

ஒரு வீட்டுப் புல்லை வெட்ட அரைமணி நேரம் ஆகிறது. மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறையும், மற்றக் காலத்தில் எப்போதேனும் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருபது முறை வெட்டுவோம். ஆகப் பத்து மணி நேரம். ஓர் ஆண்டிற்கு 8,760 மணி. அதில் 8,750 மணி நேரம் அந்த இயந்திரம் சும்மா கிடக்கும். இதற்காக வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண் என்று நாம் கருதியது சரியே. பொதுவில் வாங்கியதும் சரியே. ஆனால் பதின்மூன்று வீட்டில் ஓடினால் அது ஆண்டுக்கு 130 மணி நேரம் ஓடும் என்பதை மறந்தோம். இத்தகைய சிறு என்ஜினுக்குப் பொதுவாக முதல் ஐந்து மணி ஓட்டத்தில் ஒருமுறையும், பிறகு ஐம்பது மணிக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கைப்புத்தகம் கூறும். ஒற்றை வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நமக்கோ ஒரே மழைக்காலத்துக்குள் அந்த ஐம்பது மணி தீர்ந்துவிடும். பதின்மூன்று பேரும் பெட்ரோல் ஊற்றினோம். எண்ணெய் அளவைக் கம்பியை எடுத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டோம்.

வெட்டும் முறையிலும் பிழை செய்தோம். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டலாகாது. மேலே வெட்டினால் புல்லின் வேர் தளரும். இடையில் மண் தெரியும். மண் தெரிந்த இடத்தில் களை ஏறும். நாம் செய்ததோ, மாதக்கணக்கில் விட்டுவிட்டு, முழங்கால் உயரத்துப் புல்லை ஈரத்தோடு மொட்டையாக அடித்தது. ஈரப்புல் அடித்தட்டில் அப்பிக்கொள்ள, கத்தி சுழல முடியாமல் என்ஜின் திணறியது. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, கிழிக்கும். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் பழுத்து வெளுத்திருந்தால் புல்லுக்கு நோய் என்று எண்ண வேண்டா; கத்தியைச் சாணை பிடியுங்கள். அதைக் கழற்றுமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் கத்தியைக் கையால் திருப்பும்போது என்ஜின் உயிர்பெற்று விரலைக் கொண்டுபோய்விடும். வீட்டில் இருக்கும் பெண்மணிகளே, இதை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

சிறிய முற்றம் உடையவர்களுக்கு என்ஜினே வேண்டியதில்லை என்பது நம் கருத்து. கையால் தள்ளும் உருளைக்கத்தி வண்டி போதும். அதை 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின் மேலெழும் பிசிறை நறுக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்ததாம். உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிச் சுழற்றினால் கத்தரிக்கோலில் நறுக்கியதுபோல் தாள் அறுபட வேண்டும். மடங்கினால் திருகாணியைச் சிறிது முடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய பராமரிப்பு இவ்வளவே.

என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. இந்நாளில் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் அக்கலப்பு நாடு முழுதும் இருபது விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சிறு என்ஜின்கள் பல பத்து விழுக்காட்டுக் கலப்பிற்கே அமைக்கப்பட்டவை. கார்த்திகைக்குப் பின் புல் உறங்கும் காலத்தில் தொட்டியில் பெட்ரோலை விட்டு வைத்தால் கார்புரேட்டருக்குள் பிசுக்கும் துருவும் சேரும். ஆகவே தொட்டியை வடித்துவிட்டு, என்ஜின் தானே நிற்கும்வரை ஓட்டி, அதன்பின் மூடிவைக்க வேண்டும்.

நிற்க. புல்வெட்டி கெட்டால் போவது சில ஆயிரம். வண்டியிலோ ஓய்வூதியப் பணமே போகும். இனி அதைப் பற்றிக் கூறுகிறோம்.

ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டு காத்திருந்தோம். இன்று காலையில் கடைக்குள் நுழைந்தால் மாலையில் வண்டியோடு வரலாம். கையில் பணம் இல்லையென்றாலும் தவணை உண்டு. அந்தத் தவணையில்தான் வழுக்குப் பாறை இருக்கிறது. '10 விழுக்காடு வட்டி' என்பார்கள். அது எந்த முறையில் என்று கேளுங்கள். 60,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டு நேர்வட்டி என்றால், ஆண்டுக்கு 6,000 வீதம் 18,000 ரூபாய் வட்டி. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் அதே 10 விழுக்காடு என்றால் வட்டி 9,700 ரூபாய்க்குச் சற்றே குறைவு. நேர்வட்டியின் பத்து, உண்மையில் ஏறத்தாழப் பதினெட்டு. வட்டியே இல்லை என்று சொல்லும் தவணைகளும் உண்டு. அவற்றில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று கண்டு, வங்கிகள் அத்தகைய திட்டம் நடத்தலாகாது என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கடைசித் தவணை கட்டியவுடன் வேலை முடிந்துவிடாது. வங்கியின் விடுவிப்புக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் பெற்று, பதிவுப் புத்தகத்திலிருந்து அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். விற்கும் நாளில் அதைத் தேடி அலைந்தவர்கள் நம் அவையிலேயே இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸைப் பற்றிப் பேசினால் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கும், காருக்கு மூன்று ஆண்டுக்கும் முன்னதாகவே அதை எடுத்துவிட வேண்டும் என்றாயிற்று. இதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது: ஐந்து ஆண்டு மறந்திருந்தவர் ஆறாம் ஆண்டிலும் மறந்துவிடுகிறார். வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் பாலிசியில், இழப்பீடு கேளாத ஆண்டுகளுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை சலுகை வளரும். காலம் முடிந்து தொண்ணூறு நாள் கடந்தால் அது அழிந்துபோகும். அச்சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியை விற்றாலும் புதிய வண்டிக்குக் கொண்டுபோகலாம்.

இப்போது சொல்லப்போவது நம் மனத்தை மிகவும் வருத்திய செய்தி. நம் வரிசையில் இருந்த நண்பர் ஒருவர் 2016-இல் ஓய்வுபெற்றுக் கும்பகோணத்திற்குப் புறப்பட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் அவசரம். ஸ்கூட்டரைத் தெரிந்த பையன் ஒருவனுக்கு விற்றார். படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்து, "பெயரை நீயே மாற்றிக்கொள், தம்பி" என்று சொல்லிவிட்டு இரயில் ஏறினார். பையன் மாற்றவில்லை; இன்சூரன்ஸையும் புதுப்பிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்த வண்டி ஒரு முதியவரை மோதியது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அழைப்பாணை கும்பகோணத்து வீட்டு வாசலுக்கு வந்தது. "நான்தான் விற்றுவிட்டேனே" என்ற சொல் அங்கே செல்லவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நண்பர் மகள் திருமணத்திற்கென வைப்பில் போட்டிருந்த பணத்தை உடைத்தார். அடிபட்ட முதியவருக்கும் அது சேர வேண்டிய பணமே, அதையும் மறுப்பதற்கில்லை.

ஆகவே, விற்பவர்கள் 29, 30 எண்ணுள்ள படிவங்களை நிரப்பாமல் கையெழுத்திட்டுத் தரவே வேண்டா. வாங்குபவரையும் உடன் அழைத்துப்போய், பெயர் மாறியதைக் கண்ணால் கண்ட பிறகே ஊருக்குப் புறப்படுங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

வண்டியைத் தம்மோடு தமிழ்நாட்டிற்குக் கொண்டுபோக நினைப்போர் 28-ஆம் எண் படிவத்தில் இங்கே தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிதாகப் பதிய வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வரியும் கட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியில் எஞ்சிய காலத்திற்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம். பழைய வண்டிக்கு இத்தனையும் செய்தால் வண்டியின் மதிப்பைவிட அலைச்சல் பெரிதாகிவிடும். இங்கேயே விற்றுவிடுவது நல்லது. ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டே உள்ளவர்கள் புது வண்டி வாங்கினால், 2021-இல் ஏற்பட்ட 'பி.எச்.' வரிசைப் பதிவைக் கேளுங்கள். பொதுத்துறை ஊழியருக்கு அது கிடைக்கும். வரியையும் இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. பதிவுப் புத்தகத்தில் வாரிசின் பெயரைக் குறிக்கும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. கணவர் மறைந்தபின் வண்டித்தாளோடு அலுவலகம் அலுவலகமாக நின்ற ஒரு சகோதரியை நாம் அறிவோம். இல்லத்தரசிகள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டா.

இனிப் பழைய கொட்டகைக்கே திரும்புவோம். பொது இயந்திரம் மீண்டும் வாங்கலாம் என்பதே நம் எண்ணம். ஆனால் இம்முறை பணம் திரட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். எடுத்துச் செல்பவர் நாளையும் ஓட்டிய நேரத்தையும் எழுதி, எண்ணெய் அளவைப் பார்த்ததற்கு ஒப்பமிட வேண்டும். பெட்ரோல் அவரவர் செலவு. அதுவன்றி, ஒவ்வொரு முறைக்கும் 50 ரூபாய் உண்டியலில் போட வேண்டும். பதின்மூன்று வீடு, இருபது முறை என்றால் ஆண்டுக்கு 13,000 ரூபாய் சேரும். எண்ணெய், வடிகட்டி, பிளக், சாணை ஆகியவற்றிற்கு 3,000 போனாலும் 10,000 மிஞ்சும். மூன்றாண்டில் அடுத்த இயந்திரத்திற்கு ஒருவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஐம்பது மணி நிறைந்த நாளில் எண்ணெய் மாற்றும் பொறுப்பு ஒரே ஒருவருடையதாக இருக்க வேண்டும். முதல் ஆண்டிற்கு அப்பொறுப்பை நாமே ஏற்கிறோம்; 2015-இல் அந்த அளவைக் கம்பியை எடுத்துப் பாராதவர்களில் நாமும் ஒருவர் அல்லவா?

பேச்சை நிறுத்திக்கொண்ட அந்த இரு குடும்பத்தாரும் இன்று இவ்வவையில் வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். நோட்டுப் புத்தகம் பொருளாளர் மேசை மேல் இருக்கிறது. விருந்துக்குப் போகும் வழியில் விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம். முதல் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.