சொன்ன விலையும் சொன்ன சொல்லும்

கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர்களுக்குப் பேத்தமங்களாவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பாலாற்றில் அமைந்த அவ்வூர் ஏரியின் நீர்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சுரங்கத்து ஊர்களின் தாகத்தைத் தணித்து வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அந்நீரைக் குடித்து வாழ்ந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் அவ்வட்டாரத்து மக்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர்.

இந்தப் பேத்தமங்களாவில் ஒருவர் தம் இருசக்கர வண்டியை விற்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னாளில் அவர் தெருமுனை மெக்கானிக்கிடம் சொல்லிவைப்பார். தேநீர்க் கடையில் நாலு பேர் காதில் போட்டுவைப்பார். இன்றோ வண்டியைப் படம் பிடித்து, விலையைக் குறித்து, கைபேசி வழியே இணைய வரி விளம்பரத்தில் சேர்த்துவிடுகிறார். சில நாழிகைக்குள் பத்துப் பேர் விசாரிக்கின்றனர். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், "அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன்" என்று எழுதுகிறார். விற்பவரும் "சரி, வாருங்கள், வண்டி உங்களுக்குத்தான்" என்று விடை தருகிறார். சனிக்கிழமை இரவு வேறொருவர் தோன்றி, இரண்டாயிரம் ரூபாய் கூடத் தருவதாகச் சொல்கிறார்.

இப்போது விற்பவர் செய்யத்தக்கது யாது? ஞாயிற்றுக்கிழமை வரவிருப்பவர் ஆறு நாள் உழைத்தபின் கிடைத்த ஒரே ஓய்வு நாளைச் செலவழித்து, ரயிலும் பஸ்ஸுமாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வரப்போகிறார். அவர் வந்து வெறுங்கையோடு திரும்பினால் போவது பயணக் கட்டணம் மட்டுமா? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே ஒழுங்கு வேண்டும் என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்தில், அவர்கள் வாங்கும்போது அளவை மீறுவதில்லை, விற்கும்போது அளவைக் குறைப்பதில்லை என்பதையே அவர்களுடைய பெருமையாகக் கூறுகிறது. நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போர்த்து, அதன் கீழ் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். விலை படிந்தவுடன் சிறு தொகையை அச்சாரமாகக் கொடுப்பார்கள். அச்சாரம் கைமாறிய மாட்டை வேறொருவர் விலை கேட்பது அநாகரிகம் என்று சந்தை முழுவதும் அறியும். எழுத்து இல்லை, முத்திரை இல்லை. ஆயினும் சொல் நின்றது. காரணம் எளிது. அடுத்த வாரமும் அதே சந்தைக்கு அதே முகத்தோடு வந்தாக வேண்டும்.

இணையச் சந்தையில் அந்த முகம் மறைந்துவிட்டது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் பட்டியலும், பின்னர் ஈபே என்று பெயர் பெற்ற ஏலத் தளமும் தோன்றின. ஒருவரையொருவர் பாராத அந்நியர்கள் எதை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்வது என்னும் வினாவும் உடன் பிறந்தது. ஈபேயில் முதன்முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் விளக்குக் கருவி. விலை 14 டாலர் 83 சென்ட். அது உடைந்தது என்பதைச் சொல்லியே அத்தளத்தின் நிறுவனர் விற்றார். தெரிந்தே ஒருவர் வாங்கினார். மறுஆண்டே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதிவைக்கும் முறையை அந்நிறுவனம் ஏற்படுத்தியது. சந்தையில் முகம் செய்த வேலையை இங்கே எழுத்து செய்யவேண்டியிருந்தது.

நம்பிக்கை குலைந்தால் நேர்வது யாது என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டில் பழைய மோட்டார் கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். எந்தக் கார் நல்லது, எது பழுது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களையும் ஐயுற்று விலையைக் குறைத்தே கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனமில்லாமல் நேர்மையானவர் சந்தையை விட்டு விலகுகிறார். கடைசியில் பழுதுகளே எஞ்சுகின்றன. 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைக்கக் காரணமாயிருந்தது இவ்வாராய்ச்சியே. ஒருவர் சொல்லும் பொய், அடுத்து விற்க வரும் யோக்கியரின் பொருளையும் மலிவாக்கிவிடுகிறது என்பது இதன் சாரம்.

அவ்வாறாயின், பேச்சு எந்தக் கட்டத்தில் வாக்காக மாறுகிறது? இதில் தெளிவு இல்லாமையே பாதிச் சச்சரவுக்குக் காரணம். குடகு மடிக்கேரியில் இருந்த ஒரு பங்களா குறித்த வழக்கு 1951ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. தொலைவில் இருந்த உரிமையாளர், பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து ஏற்பதற்கில்லை என்று தந்தி வழியே தெரிவித்தார். வாங்க விரும்பியவர் பத்தாயிரத்துக்கு இசைந்தார். வீடோ அதிக விலைக்கு வேறொருவருக்குப் போயிற்று. குறைந்தபட்ச விலையைச் சொல்வது விற்பதாகக் கொடுத்த வாக்கு ஆகாது. விலை கேட்க வருமாறு விடுத்த அழைப்பே அது என்று நீதிமன்றம் கூறிற்று.

ஆகவே விளம்பரத்தில் விலை குறித்திருப்பதால் மட்டும் விற்பவர் கட்டுப்பட்டுவிடுவதில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்பதால் வாங்குபவரும் கட்டுப்படுவதில்லை. ஆனால் குறித்த பொருளைக் குறித்த விலைக்கு "எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவரும் "கொடுக்கிறேன்" என்று மற்றவரும் சொல்லிவிட்டால் அது ஒப்பந்தம். கைபேசிச் செய்தியில் எழுதியது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளிவிட இயலாது; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு இதை வெளிப்படையாகவே கூறுகிறது. நம் பேத்தமங்களா அன்பர் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். சனிக்கிழமை இரவு வந்தவருக்கு அவர் கூறவேண்டிய விடை ஒன்றே: "வண்டி பேசி முடிந்துவிட்டது. நாளை வருபவர் வேண்டாமென்றால் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்." இரண்டாயிரம் ரூபாய்க்காக எவரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை என்பது உண்மையே. சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் மனிதனின் குணம் வெளிப்படுகிறது.

இனி, விற்பவரின் கடமைகள். முதற்கடமை குறையை மறைக்காமை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை ஒரு குதிரையைக் கொண்டு விளக்குகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறவாமல் இருந்தால், அந்த மௌனம் மட்டும் மோசடியாகாது. ஆனால் வாங்குபவர், "நீர் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நலமென்றே கொள்வேன்" என்று கூறியபின் விற்பவர் மௌனம் சாதித்தால், அம்மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை போய் மோட்டார் வண்டி வந்துவிட்டது, அறிவுரை பழையதாகவில்லை. வாங்குபவர் நேராகக் கேட்கவேண்டும்: "விபத்தில் சிக்கியதா? எஞ்சின் பிரித்து வேலை செய்ததா? கடன் பாக்கி உண்டா?" விற்பவர் கேளாமலே சொல்லிவிடுவது அதனினும் சிறப்பு. தங்கத்துக்கு உரைகல் உண்டு. பழைய பொருளுக்கு விற்பவரின் சொல்லே உரைகல். மேலும், பொருள் விலைபோனவுடன் விளம்பரத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாத பொருளை விசாரித்துப் பலர் நேரத்தை வீணாக்குவதற்கு இடம் தரலாகாது.

வாங்குபவருக்கும் கடமைகள் உண்டு. வணக்கமின்றி, பெயர் கூறாமல், "கடைசி விலை என்ன?" என்று மட்டும் எழுதுவது கடைத்தெருவில் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். "ஐயா" என்றோ "அம்மா" என்றோ விளித்து, எந்த ஊரிலிருந்து எழுதுகிறோம் என்று சொல்லிக் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. பேரம் பேசுவது தவறன்று; அதைப் புறப்படுமுன் பேசிவிட வேண்டும். வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், ஐயாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நெருக்குவது முறையன்று. சொல்லாத குறை நேரில் தென்பட்டால் மட்டும் விலையை மறுபடி பேச நியாயம் உண்டு. வர இயலாவிட்டால் முன்னதாகத் தெரிவித்தல் வேண்டும். மனம் மாறுவது மனித இயல்பு; அதை மறைத்து, தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிடுவதே பிழை. ஒரு வரிச் செய்தி, காத்திருப்பவரின் ஒரு நாளைக் காப்பாற்றும்.

அச்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. முன்பணம் வாங்குவதாயின், எத்தனை நாளுக்குப் பொருளை நிறுத்திவைப்பது, வாங்குபவர் வராவிட்டால் பணம் திரும்புமா, விற்பவர் பின்வாங்கினால் என்ன என்பவற்றைப் பணம் கைமாறுமுன் எழுதிக்கொள்ள வேண்டும். பொருளை நேரில் காணாமல் முன்பணம் அனுப்புதல் ஆபத்து. வேறு ஊருக்கு மாற்றலாகும் ராணுவ வீரர் என்று தம்மைக் கூறிக்கொண்டு அவசரப்படுத்தும் மோசடிக்காரர் உண்டு. பணம் அனுப்புவதாகச் சொல்லி விற்பவரிடமே பின் எண்ணை அழுத்தச் சொல்பவரும் உண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே அது தேவை. இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விளக்குங்கள். ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பணத்தை மீட்கும் வாய்ப்பு குறையும். முதற்சந்திப்பு பகற்பொழுதில், பலர் நடமாடும் இடத்தில், துணையோடு இருத்தல் நன்று.

வண்டி விற்பனையில் பணமும் சாவியும் கைமாறியதும் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் ஒன்று ஒருவர் பின் ஒருவராகப் பலருக்கு விற்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. விபத்து நேர்ந்தபோது, பதிவேட்டில் பெயருள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்; இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் முடிவு கூறிற்று. தங்கவயலின் கே.ஏ. 08 எண் கொண்ட வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்ல ஒருவர் வாங்கினால், தடையின்மைச் சான்றும் வேண்டும். "அப்புறம் மாற்றிக்கொள்கிறேன் அண்ணா" என்னும் இனிய சொல்லை நம்பி வண்டியைக் கொடுத்தனுப்புதல் கூடாது. வாங்கியவரும், விற்றவர் தம்மை நம்பிக் கொடுத்த பெயரைத் தம் தலையிலிருந்து இறக்காமல் நெடுநாள் ஓட்டித் திரிவது நன்றிகெட்ட செயல்.

நேயர்களே, இவையனைத்தும் எங்கும் வாழ்வோருக்குப் பொதுவானவை. எனினும் தாய்நாட்டு எல்லைக்கு வெளியே வாழும் நமக்கு இவற்றில் தனிப் பொருள் உண்டு. நம் பாட்டனார் பெயரை அறிந்தவர் இங்கே இல்லை. பொருள் விற்பவர் கன்னடராகவோ தெலுங்கராகவோ மராத்தியராகவோ இருக்கலாம். அவர் அறிந்தது நாம் அனுப்பிய நான்கு வரிச் செய்தியும், நாம் வந்து சேர்ந்த நேரமும் மட்டுமே. அவர் மொழியில் ஒரு வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குச் செல்லுங்கள். முடியாதபோது முன்கூட்டிச் சொல்லுங்கள். பேசிய விலையைப் பிறகு மாற்றாதீர்கள்.

புதிய ஊரில் குடியேறுபவன் கையில் பொருள் குறைவாக இருக்கலாம். சொன்ன சொல் தவறாதவன் என்னும் பெயர் இருந்தால், அவனுக்கு அவ்வூரில் கடனும் கிடைக்கும், துணையும் கிடைக்கும். அந்தப் பெயரை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பவன், தன் பொருளுக்கு மிகக் குறைந்த விலை பெற்றவன் ஆவான்.